கீழ்ச்சபையும் அரசிறையும்

பாராளுமன்ற ஆட்சிமுறையிலே கீழ்ச்சபையின் கடமை யாது என்று வினவினால், நம் மாணவருட் பெரும்பாலார் 'சட்டம் இயற்றுதல்' என எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்வர். விடை பிழையன்று, ஆயின் வரலாற்று முறையில் நோக்குமிடத்து அது பின்வந்ததை முன்வைப்பதாகும். இம்முறையின் தாயகமாகிய இங்கிலாந்திலே பொதுமக்கள் சபையினர் முதன்முதல் அழைக்கப்பட்டது சட்டம் இயற்றுதற்கன்று. அரசனுக்குப் பணம் கொடுத்தற்கேயாம். கொடுக்கக் கூடியவர் மறுக்கவும் கூடும் என்பதை அவர்கள் கண்டுகொண்ட பின்னரே ஏனைய அதிகாரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அச்சபையை வந்தடைந்தன. 1947 முதல் 1972 வரை இலங்கையில் நிலவிய பிரதிநிதிகள் சபை அச்சபையை மாதிரியாகக் கொண்டு அமைக்கப்பட்டதாதலின், இவ்வரலாறு நமக்கு முற்றிலும் அயலார் கதையன்று. நம் நாட்டுச் செய்தியொன்றை விளங்கிக் கொள்ளுதற்கும் அது துணையாகும். அதனை ஈற்றிற் காண்போம்.

இடைக்கால ஆங்கில அரசன் தன் சொந்த நிலங்களின் வருவாயைக் கொண்டே ஆட்சி நடாத்த வேண்டியவன். போர் மூண்டால் அவ்வருவாய் போதாது. முதலாம் எட்வேர்ட் 1295இல் மன்றம் கூட்டியபோது பிரபுக்களோடும் குருமாரோடும் ஒவ்வொரு கோட்டத்திலிருந்தும் இரு வீரரையும், நகரங்களிலிருந்து இவ்விரு நகரமாந்தரையும் அழைத்தான். கம்பளி வணிகத்தாற் பெருகிய செல்வம் அன்று அத்தகையோர் கையிலே இருந்தது. அவர்கள் வந்து தம் ஊரார் சார்பில் ஒருமுறை இசைந்துவிட்டால், வரி தண்டும் அலுவலருக்கு ஊர்தோறும் வாதாடும் தொல்லை இல்லை. இவ்வழைப்பை அக்காலத்தார் பெரும்பேறாகக் கருதவில்லை. உறுப்பினருக்குரிய நாட்கூலியை ஊராரே கொடுக்க வேண்டியிருந்தமையின், தம்மை விலக்கிவிடுமாறு வேண்டிக்கொண்ட நகரங்களும் உண்டு. இன்று தேர்தலுக்கு நிற்போர் தொகையைக் காணும் நமக்கு இது வியப்பாகத் தோன்றும்.

எனினும் சில தலைமுறைக்குள் நிலைமை மாறியது. 1376இல் கூடிய பாராளுமன்றத்திலே பொதுமக்கள் சபையினர் பீற்றர் டி லா மேர் என்பவரைத் தம் வாயாகத் தெரிந்து, முன்னர்க் கொடுத்த பணம் எங்ஙனம் செலவாயிற்று என்று கேட்டனர். அரசனுக்கு அணுக்கராயிருந்து பொருள் கவர்ந்தோர் மீது குற்றஞ்சாட்டிப் பிரபுக்கள் முன்னிலையில் விசாரிக்கவும் செய்தனர். பணம் கொடுத்தவன் கணக்குக் கேட்பான் என்னும் எளிய நியதியே இங்குச் செயற்பட்டது. 1407இல் குளொஸ்ரரிலே கூடிய பாராளுமன்றத்தில் நான்காம் ஹென்றி, பிரபுக்களோடு முதலிற் கலந்து தொகையை முடிவுசெய்துவிட்டு அதனைப் பொதுமக்கள் சபைக்கு அறிவித்தான். அச்சபையினர் முறையிட்டனர், அரசன் இணங்கினான். பணக்கொடை பற்றிய முடிவைப் பொதுமக்கள் சபையின் தலைவரே அரசனிடம் அறிவிக்க வேண்டும் என்பது அன்று ஏற்கப்பட்டது. பண மசோதா கீழ்ச்சபையிலேயே தொடங்க வேண்டும் என்று பிற்காலத்தில் நாடுகள் பல தம் அரசியலமைப்பில் எழுதிக்கொண்ட விதியின் வேர் அதுவாகும்.

17ஆம் நூற்றாண்டின் பெரும்போராட்டத்தை நம் பாடநூல்கள் விரிவாகக் கூறுவதால் இங்குச் சுருக்கிச் சொல்லலாம். முதலாம் சாள்ஸ் அரசேறிய 1625இல், சுங்கத் தீர்வையை அரசனின் வாழ்நாள் முழுவதற்கும் வழங்கும் பழைய வழக்கத்தைவிட்டுப் பொதுமக்கள் சபை ஓராண்டுக்கே வழங்க முற்பட்டது. 1628இல் உரிமை விண்ணப்பம் எழுந்தது. 1629 முதல் 1640 வரை பதினோராண்டு அரசன் பாராளுமன்றத்தைக் கூட்டாமலே ஆண்டான். ஆண்டவன் பணத்துக்கு என்செய்தான்? கடற்கரை ஊர்களுக்கே உரியதாயிருந்த கப்பற்பணத்தை உள்நாட்டுக் கோட்டங்களுக்கும் விரித்தான். ஜோன் ஹம்டன் என்னும் செல்வர் தம் நிலமொன்றுக்குரிய இருபது சிலிங்கைக் கொடுக்க மறுத்து வழக்காடினார். பன்னிரு நீதிபதிகளுள் எழுவர் அரசன் பக்கமும் ஐவர் எதிர்ப்பக்கமும் தீர்ப்பளித்தனர். ஹம்டன் தோற்றார், ஆயினும் ஐந்து நீதிபதிகள் அரசனுக்கு மாறாகக் கூறினர் என்பதே நாடெங்கும் பேச்சாயிற்று. இருபது சிலிங் அவருக்கு ஒரு பொருட்டன்று. சபையின் இசைவின்றி இருபது சிலிங் எடுக்கக் கூடியவன் இருபதினாயிரம் பவுணும் எடுப்பான் என்பதே வழக்கின் உட்பொருள். உள்நாட்டுப் போரும் அரசன் கொலையுண்டதும் மீட்சியும் புரட்சியும் கடந்து 1689இல் உரிமைச் சாசனம் எழுதப்பட்டபோது, பாராளுமன்றம் வழங்காத பணத்தை அரசன் தண்டுதல் சட்டவிரோதம் என்பது ஐயத்துக்கிடமின்றி நிலைபெற்றது.

இதற்கிடையே பொதுமக்கள் சபை மற்றொரு பக்கத்தையும் காத்துக்கொண்டது. அரசனிடமிருந்து மட்டுமன்றிப் பிரபுக்களிடமிருந்தும் பண அதிகாரத்தை வேறாக்க வேண்டியிருந்தது. 1671இலும் 1678இலும் நிறைவேற்றிய தீர்மானங்களால், பண மசோதாக்களைப் பிரபுக்கள் திருத்துதல் ஆகாது என அச்சபை உறுதியாகக் கூறிற்று. திருத்துதல் ஆகாதெனின் முழுவதையும் தள்ளிவிடலாமா? இவ்வினாவுக்கு அன்று எவரும் விடை எழுதவில்லை. வழக்கத்தையே நம்பி வாழும் ஆங்கில அரசியலமைப்பிலே இத்தகைய இடைவெளிகள் பல. அவை நூற்றாண்டுக் கணக்காகத் துயின்று ஒருநாள் விழித்தெழும். இது முதன்முறை விழித்தது 1860இலாகும். கடதாசி மீதான தீர்வையை நீக்கக் கிளாட்ஸ்ரன் கொணர்ந்த மசோதாவைப் பிரபுக்கள் தள்ளினர். அவர் மறுத்து வாதாடிக் காலத்தைப் போக்கவில்லை. அடுத்த ஆண்டிலே வரிகள் யாவற்றையும் ஒரே நிதி மசோதாவிற் கட்டி அனுப்பினார். தள்ளுவதாயின் நாட்டின் வருவாய் முழுவதையுமே தள்ள வேண்டும். பிரபுக்கள் ஏற்றுக்கொண்டனர். கிளாட்ஸ்ரன் அமைத்த அவ்வணையே பின்னர் உடைந்தது.

1908இல் லிபரல் அரசாங்கம் முதியோர் ஓய்வூதியச் சட்டத்தை நிறைவேற்றியது. 70 வயதான வறியோர் 1909 ஜனவரி முதல் வாரந்தோறும் ஐந்து சிலிங் வரை பெறலாயினர். அதேவேளையில் ஜேர்மனியோடு போட்டியாகப் போர்க்கப்பல்களும் கட்ட வேண்டியிருந்தது. இரண்டுக்கும் பணம் வேண்டும். 1909 ஏப்பிரில் 29ஆம் நாள் நிதி மந்திரி லொயிட் ஜோர்ஜ் நான்கு மணி நேரத்துக்கு மேலாகப் பேசி வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்தார். பெருவருவாயுடையோர்க்கு மேல்வரி, மரணத் தீர்வையில் ஏற்றம், மதுவுக்குத் தீர்வை ஆகியன அதிற் காணப்பட்டன. இவற்றினும் மேலாகப் பிரபுக்களைச் சுட்டது நிலவரியாகும். உடையவன் உழைப்பின்றி, ஊர் வளர்ந்ததால் நிலத்துக்கு விலை ஏறினால், அவ்வேற்றத்தில் ஐந்தில் ஒரு பங்கு அரசுக்குரியது என்றது திட்டம். வரியின் தொகையைவிட, வரி விதிப்பதற்காக நாட்டின் நிலம் யாவும் மதிப்பிடப்படும் என்பதே நிலவுடைமையாளரைப் பெரிதும் அஞ்சச் செய்தது.

ஏறக்குறைய எழுபது நாள் விவாதித்து நவெம்பர் 4ஆம் நாள் 379க்கு 149 வாக்குகளாற் பொதுமக்கள் சபை மசோதாவை நிறைவேற்றியது. நவெம்பர் 30ஆம் நாள் பிரபுக்கள் சபை 350க்கு 75 வாக்குகளால் அதனைத் தள்ளியது. இருநூறாண்டு வழக்கம் ஓரிரவிலே முறிந்தது. நாடு தீர்ப்புக் கூறும்வரையே தாம் இசைய மறுப்பதாகப் பிரபுக்கள் கூறினர். கேட்பதற்கு இது நேர்மையான வாதமே. ஆயின் அதன் விளைவை நோக்குக. பணம் மறுக்கப்பட்ட அரசாங்கம் பதவியில் இருத்தல் இயலாது. ஆகவே பணத்தை மறுக்கும் சபை அரசாங்கத்தைக் கலைக்கும் சபையுமாகும். எவராலும் தெரிவுசெய்யப்படாத, எவராலும் கலைக்கப்படாத சபையொன்று, தெரிவுசெய்யப்பட்ட சபையைத் தான் வேண்டும்போதெல்லாம் தேர்தலுக்கு அனுப்பலாம் என்பதே அதன் பொருள். பிரதமர் அஸ்குவித் இரண்டு நாளில் இதனைப் பொதுமக்கள் சபையிற் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றுவித்துத் தேர்தலுக்குச் சென்றார்.

1910 ஜனவரித் தேர்தலின் முடிவு எவருக்கும் முழுவெற்றியாக அமையவில்லை. லிபரல் கட்சியாரும் யூனியனிஸ்டுகளும் ஏறக்குறையச் சமமான தொகையினராக வந்தனர். எண்பதுக்கு மேற்பட்ட அயர்லாந்துத் தேசியவாதிகளும், நாற்பது தொழிற் கட்சியினரும் இடையில் நின்றனர். மதுவுக்கு விதித்த தீர்வையின் பொருட்டு அயர்லாந்தார் இத்திட்டத்தை விரும்பாதிருந்தனர். அவர்களுடைய வாக்கின்றி அரசாங்கம் நிற்க முடியாது. அவர்கள் கேட்ட விலை பிரபுக்களின் தடையதிகாரத்தை ஒழிப்பதே. ஏனெனில் சுயவாட்சிக்குக் குறுக்கே நின்றது அத்தடையே. பெரிய அரசியற் கொள்கைகள் நிலைபெறும்போது அவற்றின் பின்னே இவ்வாறான பேரங்கள் இருத்தலை வரலாற்று மாணவன் மறத்தலாகாது. 1910 ஏப்பிரில் 28ஆம் நாள் வரவு செலவுத் திட்டம் பிரபுக்கள் சபையில் நிறைவேறியது. அதன் பின் எட்டாம் நாள் அரசர் எட்வேர்ட் மறைந்தார். மாதக்கணக்காக நடந்த சமரசப் பேச்சு முறிந்தது. டிசெம்பரில் மீண்டும் தேர்தல் நடந்து, மீண்டும் ஏறக்குறைய அதே முடிவு வந்தது.

இறுதி வாக்கெடுப்பு 1911 ஓகஸ்ற் 10ஆம் நாள் நடந்தது. இங்கிலாந்து அதுவரை அறியாத கடுங்கோடை அது. மசோதா தோற்பின் நூற்றுக்கணக்கான புதிய பிரபுக்களை அரசர் ஐந்தாம் ஜோர்ஜ் நியமிப்பார் என்பது வெளிப்பட்டுவிட்டது. இறுதிவரை போராடுவோம் என்றோரும், பணிந்து எஞ்சியதைக் காப்போம் என்றோருமாகப் பிரபுக்கள் பிரிந்தனர். 131க்கு 114 வாக்குகளால் மசோதா நிறைவேறியது. யூனியனிஸ்ட் பிரபுக்கள் முப்பத்தெழுவரும் திருச்சபைத் தலைவர் பதின்மூவரும் அரசாங்கத்தோடு வாக்களித்திராவிடின் அது தோற்றிருக்கும். அச்சட்டத்தின்படி பண மசோதாவைப் பிரபுக்கள் ஒரு மாதமே தாமதிக்கலாம். எது பண மசோதா என்பதைப் பொதுமக்கள் சபாநாயகரே சான்றுபகர்வார். ஏனைய மசோதாக்களை இரண்டாண்டு தாமதிக்கலாம். 1949இல் இக்காலம் ஓராண்டாகக் குறைக்கப்பட்டது. பொதுமக்கள் சபையின் ஆயுளும் ஏழாண்டிலிருந்து ஐந்தாண்டாயிற்று. அதிகாரம் கூடிய சபை தன்னை மக்கள் முன் அடிக்கடி நிறுத்த வேண்டும் என்பது இதன் கருத்து. இச்சட்டத்தைப் பற்றிப் பேசுவோர் இப்பகுதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். என் எண்ணத்தில் அதுவே சட்டத்தின் சிறந்த பகுதியாகும்.

இவ்வளவு போராடி வென்ற அதிகாரத்தைச் சபை பின்னர் எவ்வாறு ஆண்டது என்று நோக்கின் சிறிது மனம் சோரும். கட்சி ஒழுங்கு இறுகிய பின்னர், மந்திரி சபை கேட்கும் தொகையைப் பெரும்பான்மையினர் கேள்வியின்றி வழங்கலாயினர். மதிப்பீடொன்றைப் பொதுமக்கள் சபை இறுதியாக மறுத்தது 1919இல் என்பர். மறுக்கப்பட்டதோ பிரபுக்கள் சபைத் தலைவரின் இல்லத்துக்கு இரண்டாவது குளியலறை அமைக்கும் செலவு! சாள்ஸ் மன்னனோடு பொருத சபையின் வாள் ஈற்றில் ஒரு குளியலறையை வெட்டியது. ஆயினும் வாள் உறையில் இருத்தல் வேறு, இல்லாதொழிதல் வேறு. 1861இல் நிறுவிய அரசாங்கக் கணக்குக் குழு செலவான பணத்தை ஆராய்ந்து வந்தது. அரசாங்கத்தைப் பதவியிறக்கும் உரிமையும் மறையவில்லை. 1979 மார்ச் 28ஆம் நாள் 311க்கு 310 என்று ஒரே வாக்கினால் கலகன் அரசாங்கம் வீழ்ந்தது.

இத்துணையும் கூறியபின் ஒன்றைக் கேட்க வேண்டும். பிரபுக்களை நோக்கி 'நாமே மக்கள் சபை' என்று பொதுமக்கள் சபையினர் கூறியபோது, அம்மக்கள் யாவர்? 1911இலே பெண்களில் ஒருவருக்கேனும் பாராளுமன்ற வாக்கில்லை. வயதுவந்த ஆண்களிலும் பத்தில் நால்வர் வரை வாக்காளர் இடாப்பிற்குப் புறம்பாகவே இருந்தனர். 1832க்கு முன்னரோ குடியில்லாத மேடாகிய பழைய சாரம் இருவரை அனுப்ப, மாஞ்செஸ்ரர் நகரம் ஒருவரையும் அனுப்பவில்லை. 1918இலும் 1928இலும் வந்த சட்டங்களுக்குப் பின்னரே அச்சபையின் கூற்று முழு உண்மையாயிற்று. பணத்தை வழங்கும் உரிமை சபைக்கு வருவது, பணத்தைக் கொடுப்போர் அச்சபையைத் தெரிவதனால். இந்த இணைப்பு அறுந்த இடத்தில் சபை வெறும் எண்ணிக்கையாகிவிடும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பணத்தைப் பற்றிய பூசல் இங்கும் தேர்தலுக்கு முந்தியது. 1864இலே படைச்செலவை இலங்கை வருவாயிலிருந்து எடுப்பதில் தமக்கு அதிகாரமில்லாமையைக் கண்டித்து, ஜோர்ஜ் வால், லோறன்ஸ் முதலிய உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் சட்டநிரூபண சபையிலிருந்து விலகினர். அடுத்த ஆண்டு இலங்கைச் சங்கம் தோன்றியது. அவர்கள் எவராலும் தெரிவுசெய்யப்பட்டவரல்லர். எனினும் கேட்ட கேள்வி ஹம்டனுடையதே. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. சோல்பரி அரசியலமைப்பின்கீழ் 1947இல் 95 தெரிவுசெய்யப்பட்டோரும் 6 நியமனம் பெற்றோருமாக 101 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபை அமைந்தது. 30 பேர் கொண்ட மூதவை பண மசோதாவை ஒரு மாதமே தாமதிக்கலாம் என்ற விதி 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் எதிரொலியாகும்.

அச்சபை பொம்மைச் சபையாக இருக்கவில்லை. 1960 ஏப்பிரிலில் டட்லி சேனநாயக்கவின் சிறுபான்மை அரசாங்கத்தை அரியணைப் பேச்சு விவாதத்தில் 86க்கு 61 வாக்குகளால் வீழ்த்தியது. 1964 டிசெம்பர் 3ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கத்தை 74க்கு 73 என ஒரே வாக்கினால் வீழ்த்தியது. வெஸ்ற்மினிஸ்ரர் இலண்டனில் 1979இற் செய்ததைக் கொழும்பு பதினைந்தாண்டு முன்னரே செய்துவிட்டது என்று நாம் பெருமை கொள்ளலாம்.

ஆயின் அப்பெருமைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர் வாக்களித்து இலங்கை இந்தியன் காங்கிரஸின் சார்பில் எழுவரை அச்சபைக்கு அனுப்பினர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் அவர்களிற் பெரும்பாலார் பிரசைகளல்லர் என்றாயினர். 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் பிரசைகளல்லாதார் பெயரை இடாப்பிலிருந்து நீக்கியது. இடைப்பட்ட காலத்திலே தமிழ்க் காங்கிரஸ் பிளவுபட்டது. செல்வநாயகம் முதலியோர் வெளியேறி 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சியை நிறுவினர். 1952ஆம் ஆண்டுத் தேர்தலின் பின் எழுவர் இருந்த இடத்தில் ஒருவரும் இல்லை. அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு சிறுபான்மையினரைக் காக்கும் என்று நம்பி வழக்காடியோருக்கும் 1953இலே இலண்டன் கோமறைக் கழகம் கைகொடுக்கவில்லை.

இதனைப் பிரசாவுரிமை வினாவாகவும் இனப்பூசலாகவும் பலர் ஆராய்ந்துள்ளனர். இதனைக் கீழ்ச்சபை வரலாற்றின் கண்கொண்டும் நோக்குதல் வேண்டும். அக்காலத்து அரசிறையின் தூண்களுள் ஒன்று தேயிலை ஏற்றுமதித் தீர்வை. அத்தேயிலையைக் கிள்ளிய கைகளுக்கு, அவ்வருவாயைப் பங்கிடும் சபையை அமைப்பதில் இடமில்லாது போயிற்று. அதுமட்டுமோ? தேர்தற் றொகுதிகளை மாகாணங்களுக்கு வகுக்கும்போது மொத்தக் குடித்தொகையே கணக்கிடப்பட்டதால், வாக்கிழந்தோரும் அங்கு எண்ணப்பட்டனர். அவர்கள் தலையை எண்ணி மலைநாட்டுக்கு ஆசனங்கள் கொடுக்கப்பட்டன. அவ்வாசனங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தோர் பிறர். பழைய சாரத்திலே வாக்கிருந்தது, மக்கள் இல்லை. மலைநாட்டிலே மக்கள் இருந்தனர், வாக்கில்லை.

பிரபுக்கள் 1909இல் செய்தது வெளியிலிருந்து வந்த தாக்குதல். பொதுமக்கள் சபை அதனை எதிர்த்து வென்றது. இங்கு நடந்ததோ சபை தன் கையாலேயே தன்னைத் தெரிந்தோரின் பட்டியலைக் குறைத்தது. முன்னதற்கு மருந்து அரசியலமைப்பில் இருந்தது. பின்னதற்கு இல்லை, ஏனெனில் முறையிட வேண்டிய சபையும் முறையீட்டுக்குக் காரணமான சபையும் ஒன்றே. மூதவையாவது தடுத்திருக்கக் கூடாதா என்று வினவலாம். அதன் உறுப்பினரிற் பாதிப்பேரைப் பிரதிநிதிகள் சபையே தெரிந்தது. மறுபாதியை மகாதேசாதிபதி பிரதமரின் ஆலோசனைப்படி நியமித்தார். நிழல் உருவைத் தடுத்தல் ஏது? அம்மூதவையும் 1971இல் ஒழிக்கப்பட்டது.

தொண்டமான் 1960இலும் 1965இலும் நியமன உறுப்பினராகச் சபைக்கு வந்தார். வாக்கினால் வரமுடியாதவருக்கு நியமனத்தால் இடங்கொடுத்ததை அரசாங்கங்களின் தாராளம் என்று கொள்வாரும் உண்டு. கொடையாகக் கிடைத்த ஆசனம் கணக்குக் கேட்கும் ஆசனமாகாது என்பதே என் துணிபு. 1977இல் அவர் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து வாக்கினாலேயே தெரிவானார். 1947க்கும் அதற்கும் இடையே முப்பதாண்டு கழிந்திருந்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலட்சக்கணக்கானோர் கடல் கடந்துவிட்டனர். எஞ்சியோருக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் பிரசாவுரிமை வழங்கின. அவர்களுடைய முன்னோர் எழுவரை அனுப்பிய பிரதிநிதிகள் சபை அப்போது அப்பெயரோடு இல்லை. 1972ஆம் ஆண்டு அரசியலமைப்போடு அது மறைந்துவிட்டது.